அழாமல் வாசிக்கவும்

நவம்பர் 4, திங்கள்

எழுந்ததும் முதலில் செய்தது, இரண்டாம் வயலின்காரர்களுக்கான ஆறாம் பக்கத்தைத் திரும்ப அச்சிட்டது. பல் துலக்குவதற்கும் முன்னால். தூக்கத்தில்தான் அந்தப் பிழை தெரிந்தது: பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் அவர்களுக்கு ஒரு மூச்சு ஓய்வுகூட இல்லை. இரண்டு கையும் வயலினில் இருக்கும்போது தாளை யார் திருப்புவார்கள்? இத்தனை வருடம் மற்றவர்களுக்குத் தாள் தயாரித்துக் கொடுத்தவள், சொந்த வேலையில் கோட்டை விட்டிருக்கிறேன்.

பிரிண்டர் சத்தத்தில் எழுந்து வந்த கணவர் தயாளன், இன்றைக்காவது காபி உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே பால் வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. அச்சிட்ட தாள்கள் ஈரக்காற்றில் அப்பளம் போல ஓரம் சுருள்கின்றன.

'வடகிழக்கு' இருபத்தைந்து நிமிடம். தந்தி வாத்தியங்களுக்கு மட்டும். மூன்று பகுதிகள். இந்த மாதம் 23, சனிக்கிழமை மாலை, எழும்பூர் ஹாலில். நடத்தப்போவதும் நானே. என் பெயரில் மேடையேறும் முதல் முழுப் படைப்பு. நாற்பத்தேழு வயதில் 'முதல்' என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கீர்த்திவாசன் சார் சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்துவிட்டார். பதினேழு வருடமாக அவருடைய படங்களுக்கு வயலின், செல்லோ வரிகளை எழுதித் தருகிறேன். படம் முடிந்து ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும்போது திரையில் ஓடும் பெயர்களில் என் பெயரும் இருக்கும், 'இசை உதவி' என்பதன் கீழே. அவரை அழைக்கலாம் என்று சொன்னது விழாக் குழுவின் மாலினி மேடம் இல்லை, நான்தான். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று தெரியவில்லை.

நவம்பர் 6, புதன்

முதல் ரிஹர்சல். வேப்பேரி சர்ச் ஹால். மின்விசிறி போட்டால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வையில் விரல் வழுக்குகிறது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்டூடியோக்களில் என்னோடு வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். அவர்களுக்கு நான் 'பியூலா' அல்லது 'பியூலாக்கா'. இன்று சிலர் 'மேடம்' என்றார்கள். கிண்டலா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் பகுதி தடுமாறியது. இரண்டாம் பகுதி, நான் பயந்ததுதான், நன்றாக வந்தது. முதல் வயலின்கள் தனியாகத் தொடங்கும் அந்த மெதுவான மெட்டை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் வில்லை இறக்கவில்லை. 

டீ வந்தபோது, கடைசி வரிசையில் இருக்கும் ஷெரின் சொன்னாள். இருபத்து நாலு வயதுப் பெண், நன்றாக வாசிப்பாள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"மேம், செகண்ட் மூவ்மென்ட் 'ஆறாவது மைல்' படத்துல வர்ற பஸ் சீன்தானே? சூப்பரா டெவலப் பண்ணியிருக்கீங்க."

பாராட்டாகத்தான் சொன்னாள்.  ஆனால் பெரியவர்கள் எல்லோரும் அவரவர் தாள் ஸ்டாண்டைப் பார்த்தார்கள். செல்லோ மோசஸ் அண்ணன் ஏற்கெனவே ரோசின் பிசின் தடவிய வில்லுக்கு மறுபடி தடவ ஆரம்பித்தார். நான் "அப்படியா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் பகுதியை எடுக்கச் சொன்னேன்.

நாலு சுரம் ஏறி இறங்கினால் எங்கேயோ எதையோ போலத்தான் இருக்கும். இதற்கெல்லாம் உட்கார்ந்து கவலைப்பட்டால் யாரும் ஒரு வரி எழுத முடியாது.

நவம்பர் 7, வியாழன்

துணி எதுவும் காயவில்லை. ஹாலில் குறுக்கே கயிறு கட்டி, மின்விசிறியின் கீழே தயாளனின் சட்டைகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. கேஸ் புக் செய்தேன். மகள் ரூத் கோவை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். கச்சேரிக்கு வர லீவு கிடைத்துவிட்டதாம்.

வேலை செய்த படங்களை நான் பார்ப்பதில்லை. ஒரு கொள்கை என்று இல்லை. திரையில் மழை பெய்யும் இடத்தில் வயோலாவை இன்னும் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம் என்று மனசு போய்விடும். 'ஆறாவது மைல்' சார் இசையமைத்த, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படம். அதிகம் ஓடவில்லை. அப்பா மகளை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறும் காட்சியை இப்போது பிள்ளைகள் வெட்டி எடுத்து போனில் சுற்றுக்கு விடுகிறார்களாம். ஷெரினிடமிருந்து அந்தத் துண்டு நேற்றே வந்துவிட்டது, இரண்டு இதயத்தோடு.

மதியம் பார்த்தேன். அங்கே புல்லாங்குழல், இங்கே வயலின். அங்கே நாலு எண்ணிக்கை, இங்கே மூன்று. வேகமும் வேறு. சாயல் இருக்கிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 8, வெள்ளி

சாயல் இல்லை. அதேதான்.

நவம்பர் 10, ஞாயிறு

கோவில் ஆராதனையில் பிரசங்கம் முழுக்க மனதுக்குள் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

இதை எனக்காவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பதை நாங்கள் ஆர்.ஆர். என்போம். பெரும்பாலும் அவசரம். சார் காட்சியைப் பார்ப்பார். பியானோவில் சேர்ந்தொலிக்கும் சுரங்களாக இரண்டு கார்டு வாசிப்பார், அல்லது ஒரு வரி முனகுவார். "இதை விரிச்சிடும்மா" என்பார். அதை வாத்தியங்களுக்கான முழு வரிகளாக விரிப்பது என் வேலை. சில சமயம் அவர் தருவது முழு மெட்டு. சில சமயம் "சோகமா, ஆனா காலைல" என்று மட்டும் சொல்வார். எவ்வளவு தந்தாலும், அவர் தந்ததிலிருந்துதான் வருகிறது. அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நினைத்துப் பழகியிருக்கிறேன்.

பஸ் காட்சிக்கு அவர் எங்கோ வெளியூர்ச் சாலையிலிருந்து போன் செய்தார். மூன்று சுரம் பாடினார். கீழே ஒன்று, மேலே தாவி ஒன்று, ஒரு படி இறங்கி ஒன்று. அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுநாள் காலை நான் எழுதிக் கொண்டுபோனேன். அவர் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த ரீலுக்குப் போனோம்.

முதல் மூன்று சுரங்கள் அவருடையவை. அதில் சந்தேகம் இல்லை. மிச்சம் நான் எழுதியதா? எழுதியதாகத்தான் ஞாபகம். ஆனால் இரண்டு வருடம் உட்கார்ந்து 'வடகிழக்கு' எழுதியபோது, அந்த மெட்டு எனக்குள்ளிருந்து புதிதாகப் பிறந்ததாகவும்தான் ஞாபகம். என் ஞாபகத்தை நம்பி யாரிடம் போய் என்ன சொல்வது?

அந்தப் படத்து வாரத்தில் எனக்கு வேறு வேலைகளும் இருந்தன. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டியிருந்தது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மெட்டை மாற்றிவிடுவது என்று முடிவு செய்து நேற்றும் இன்றும் உட்கார்ந்தேன். நாலு புது மெட்டுகள். நாலும் யாரோ அழகாக உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்கு வந்ததுபோல இருக்கின்றன. வீட்டு ஆள் இல்லை. முதல் பகுதி போய்ச் சேருவது அந்த மெட்டில். மூன்றாம் பகுதி கிளம்புவது அதிலிருந்து. அதை எடுத்தால் மூன்றையும் எடுக்க வேண்டும். கச்சேரிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

சாம்பார் அடிப்பிடித்தது. தயாளன் ஒன்றும் சொல்லாமல் மேலாக அள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் இப்படி ஒன்றும் சொல்லாமல் இருப்பது சில நாள் பெரிய ஆறுதல். இன்று ஆறுதலாக இல்லை.

கச்சேரியில் உட்கார்ந்து, தன் படத்தின் இசை என் பெயரில் வருவதை அவர் கேட்டால் எப்படி இருக்கும்? அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்பதைப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 14, வியாழன்

சாலிகிராமம் போய் வந்தேன். போகும் வழியில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலையும் சொல்லவில்லை.

சார் ஸ்டூடியோவில் தனியாக, காலை நாற்காலியில் மடக்கிப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி யாராவது என்னிடம் குறை சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வரும். தயாளனுக்கு ஆஞ்சியோ செய்த அன்று, படத்து வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர். என்னை வேறு இசையமைப்பாளர்கள் கூப்பிட்டபோது தடுத்ததும் இல்லை. நான்தான் போகவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லி, ரிஹர்சலில் போனில் பதிவு செய்ததைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மெட்டு வந்ததும் புருவம் ஏறியது. இரண்டாவது முறை செல்லோவில் வந்தபோது சிரித்துவிட்டார். மனம் நிறைந்த சிரிப்பு.

"அட, நம்ம பஸ் சீன்."

ஆமாம் என்றேன். எழுதும்போது எனக்குத் தெரியவில்லை, ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது என்றேன். இதுவரை சொன்னது எல்லாம் உண்மை. இதற்கு மேல் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது, மூன்று சுரம் போக மிச்சம் நான் எழுதியதாக ஞாபகம் என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"இதுக்கு ஏம்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? தாராளமா எடுத்துக்க. உன் மேல கேஸா போடப்போறேன்? புரோகிராம்ல ஒரு வரி, 'கீர்த்திவாசனின் மெட்டை ஒட்டி'ன்னு போட்டுடு. முடிஞ்சுது. எனக்கும் பெருமைதானே, நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம மெட்டை எடுத்து இவ்ளோ தூரம் கொண்டுபோயிருக்கு."

அப்புறம் அந்த மெட்டு எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். செங்கல்பட்டு தாண்டிக் காரில் வரும்போது, எதிரே பள்ளிக்கூட பஸ் ஒன்று நின்றதாம், ஒரு குழந்தை ஜன்னலில் முகத்தை வைத்திருந்ததாம், அப்படியே முழுசாக இறங்கியதாம். பாடிக் காட்டினார். முழு மெட்டையும். ஐந்தாவது தாளக்கட்டில் நான் வைத்த அந்தத் திருப்பத்தை, என் கையெழுத்து என்று நான் நினைத்திருந்த அந்தத் தயக்கத்தை, அப்படியே பாடினார். பொய் சொல்லும் முகம் இல்லை அது. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்.

"அன்னிக்கு போன்ல உனக்குத்தானே பாடினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

கிளம்பும்போது கடலையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், தயாளனுக்கு. ஆட்டோவில் வரும்போது எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் ஃபிரிட்ஜைக் காலி செய்து, ஒவ்வொரு தட்டையும் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினேன். ரப்பர் ஓரத்தின் மடிப்பில் இருக்கும் அழுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்தேன். பெரிதாக அழுக்கும் இல்லை.

மாலினி மேடம் போன். குரலிலேயே தெரிந்தது, விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாரே அழைத்துச் சொல்லியிருக்கிறார். மெட்டு அவருடையது என்றால் விளம்பரத்தை மாற்றிவிடலாம், இத்தனை நாள் 'புதிய இசை' என்று சொல்லிப் பாதி டிக்கெட்கூடப் போகவில்லை, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு" என்றார். அவர் பார்வையில் ஒன்றும் இல்லைதான்.

சாப்பிடும்போது தயாளனிடம் சொன்னேன். ஒரு வரிதானே, போட்டுவிட்டுப் போ, ஹாலாவது நிறையும் என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒரு வரிதான். அந்த வரியோடு 'வடகிழக்கு' என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருடமாகச் செய்துவருவதை இருபத்தைந்து நிமிடம், மேடையில் ஏறி, நல்ல புடவை கட்டிக்கொண்டு செய்ததாக ஆகும். அவர் தந்ததை விரித்தேன்.

அந்த வரி இல்லாவிட்டால், திருடினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் இரண்டாவது ரிஹர்சல். கையை வீசி நடத்தினேனே தவிர என்ன கேட்டேன் என்று தெரியாது. ஷெரின் என் பக்கமே பார்க்கவில்லை. யாரோ அவளைக் கடிந்திருக்கிறார்கள். டீ நேரத்தில் நானாகப் போய் அவளுடைய இடது கைப் பெருவிரலைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

மழையில் மோசஸ் அண்ணனின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. செல்லோவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவரை என் காரில் பெரம்பூர் கொண்டுபோய் விட்டேன். டவுட்டன் பக்கம் முழங்கால் தண்ணீர். வண்டிகள் அசையவில்லை. வைப்பர் சத்தம் மட்டும். அவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"பஸ் சீனுக்கு சார் போன் பண்ணின அன்னிக்கு நான் ஸ்டூடியோவுல இருந்தேன் பியூலா. போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தானே நீ கேட்ட. அவர் பாடினது மூணு நோட்டு. மிச்சம் காலைல நீ கொண்டாந்தது. இது அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்."

அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீதான் சந்தோஷமா இருந்தியே. சார் நல்லாருக்குன்னு சொல்லிட்டாருன்னு."

முன்னால் இருந்த மாநகரப் பேருந்து கொஞ்சம் நகர்ந்து திரும்ப நின்றது.

"தாளுக்கு மேல நீ என்ன எழுதியிருந்த தெரியுமா? 'அழாமல் வாசிக்கவும்'னு. நாங்க சிரிச்சோம். படமே அழற படம், இந்தம்மா அழாதேங்குதுன்னு. அன்னிக்கு வேப்பேரியில ரெண்டாவது பகுதியைத் திருப்பினேனா, மேல அதே வரி. எனக்குக் கை ஓடல."

இரண்டாம் பகுதியின் தலையில் அந்த வரியை நான் எழுதியிருப்பது நிஜம். போன வருடம் எழுதியது. புதிதாகத் தோன்றி எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன்.

இறங்கும்போது, செல்லோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார். தான் இதை வெளியில் எங்கும் சொல்ல முடியாது, நாளைக் காலை சாருடைய ஸ்டூடியோவுக்குத்தான் வாசிக்கப் போக வேண்டும், தப்பாக நினைக்கக் கூடாது என்றார். இல்லை அண்ணே என்றேன். உண்மையாகவே தப்பாக நினைக்கவில்லை. நானும் அங்கே போகிறவள்தானே. ஜனவரியில் அடுத்த படம்.

வீட்டுக்கு வந்த பிறகு சந்தோஷமாக இருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிச்சம் என்னுடையதுதான். அதற்கப்புறம் அந்த மூன்று சுரமும் வந்து உட்கார்ந்துகொண்டன. விதை அவருடையது என்றால் மரம் யாருடையது என்று கேட்பார்கள். நானே கேட்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று நடந்ததைக் கவனமாக எழுதுகிறேன்.

தயாளன் லீவு. துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டி அடித்தார். கோவில் பாடகர் குழுவில் இருபது வருடம் டெனர் குரலில் பாடியவர், சுருதி பிசகாது. அடித்தது அந்த மெட்டு. ரிஹர்சல் பதிவை நான் ஓயாமல் போட்டுக் கேட்பதால் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். ஆனால் ஏதோ இடித்தது. ஈரக் கையோடு போய், திரும்ப முதலிலிருந்து அடியுங்கள் என்றேன்.

அடித்தார். முதல் மூன்று சுரம் இல்லை. நாலாவதிலிருந்து தொடங்கினார்.

"முதல்ல இருந்து."

"இதுதானே முதல்?"

பதிவில் அப்படி இல்லையே, முன்னால் மூன்று சுரம் இருக்கிறதே என்றேன். அது தெரியும், அது பிற்பாடு சேர்ந்தது என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டையை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் சொன்னார்.

"நீ கிளாஸ்கோவுக்கு வரலைன்னு மெயில் அனுப்பின வாரம். ரூத்துக்கு ஆறு வயசு. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நாள் பூரா கீபோர்டுல இருப்ப. எனக்குக் கட்டை தட்டுற சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒருநாள் வயரைப் பிடுங்கிட்ட. அன்னிக்குத்தான் கேட்டேன். இப்படித்தான் தொடங்குச்சு. சார் போன் வந்தது அதுக்கப்புறம், அந்த வாரக் கடைசில."

நான் இந்த நாட்குறிப்பில் எழுதாமல் விட்ட மின்னஞ்சல் அதுதான். கிளாஸ்கோவில் இசையமைப்புப் படிக்க இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம். உதவித்தொகையோடு. தயாளன் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தார். குழந்தை சின்னது என்று நானே எழுதி அனுப்பினேன்.

அப்படியானால் போன வெள்ளிக்கிழமை, ஒரு வரிதானே போட்டுவிடு என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"யார் போட்ட மெட்டுன்னு எனக்குத் தெரியும், பியூலா. அதைச் சொன்னா கிளாஸ்கோ பத்திப் பேசணும்ல."

கையில் இஞ்சி இருந்தது. அவர் அடுத்த சட்டையை எடுத்தார். பேசலாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அறையை விட்டுப் போகவும் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் மடித்துத் தந்ததை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், நான் அப்போது வாயைத் திறந்திருக்கணும், என்றார். ஆமாம் என்றேன். 

நவம்பர் 20, புதன்

கீபோர்டில் நாலாவது சுரத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். யாரோ பேச்சின் நடுவில் உள்ளே வந்ததுபோல இருக்கிறது. அந்த மூன்று சுரம்தான் கேட்கிறவனின் கையைப் பிடித்து உட்காரவைக்கிறது. அது இல்லாமல் மெட்டுக்கு அழகு குறைவு. முகம் அதிகம்.

சார் போனில் பாடியதும், ஏற்கெனவே இருந்ததற்கு முன்னால் அதை ஒட்டவைத்துக் கொண்டுபோனேன். அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் தந்ததிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று நானே செய்தது. அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, என்னிடமிருந்தும் யாரும் பிடுங்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மாலினி மேடம் நிகழ்ச்சித் தாளின் மாதிரியை அனுப்பியிருக்கிறார். கீர்த்திவாசன் சாரின் படம் பெரிது. என் படம் அதில் பாதி. 'வடகிழக்கு' என்பதன் கீழே, 'இசையமைப்பாளர் கீர்த்திவாசனின் மெட்டை ஒட்டி'. எழுத்துப் பிழை இல்லை. நாளை மதியத்துக்குள் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போகும். டிக்கெட் ஏறக்குறைய முடிந்துவிட்டதாம்.

பதில் எழுதி அழித்தேன். திரும்ப எழுதி அழித்தேன். மெட்டு என்னுடையது என்று எழுதினால், அந்த மூன்று சுரம் என்னைப் பார்க்கிறது. 'சரி' என்று எழுதினால், துணி மடித்துக்கொண்டே சீட்டி அடித்த மனுஷனை நான் பொய்யாக்குகிறேன். சாருக்கு போன் செய்ய எண்ணைத் தொட்டேன். என்ன சொன்னாலும் அவர் செங்கல்பட்டையும் ஜன்னலில் முகம் வைத்த குழந்தையையும் நம்புகிறவர். நான் சொல்லி அதை அவரிடமிருந்து எடுக்க முடியாது. எடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ரூத் வந்துவிட்டாள். ஒரு பை நிறைய அழுக்குத் துணி. நல்லவேளை.

நவம்பர் 22, வெள்ளி

விடிந்ததும் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த ஸ்கோரைத் திறந்து, அந்த மூன்று சுரம் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். இரண்டாம் பகுதியின் தொடக்கம். செல்லோ திரும்பச் சொல்லும் இடம். முதல் பகுதியின் கடைசியில் தூரத்திலிருந்து கேட்கும் இடம். மூன்றாம் பகுதியில் டபுள் பேஸ் அதையே விடாமல் அடித்துக்கொண்டு போகும் அந்த நீண்ட பத்தி. நான் நினைத்ததைவிட அதிகம். எத்தனை இடங்களில் அதை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. அதே நீளத்துக்கு மௌனம். பேஸ் பத்தியில், அடிக்கு அடி பள்ளம் விழுந்த சாலைபோல் ஆகிவிட்டது. அது போகட்டும், மழைக்காலத்துக் கதைதானே அதுவும். ஓர் இடத்தில் ஒட்டுமொத்தமாக எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அங்கே மட்டும் பயமாக இருந்தது. திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பயம் போகவில்லை. ஆனால் திரும்ப வைக்கவும் தோன்றவில்லை.

ஸ்கோரில் முடிந்து, இப்போது ஒவ்வொருவர் தாளிலும் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மாலையில் கடைசி ரிஹர்சல். கச்சேரிக்கு முந்தின நாள் தாளைத் திருத்திக் கொண்டுபோனால் திட்டுவார்கள். ஷெரினைத் தவிர எல்லோரும், வாய்க்குள்ளாவது. மோசஸ் அண்ணன் எங்கே டேப் ஒட்டியிருக்கிறது என்று பார்த்ததும் புரிந்துகொள்வார். 

மதியத்துக்கு முன்னால் மாலினி மேடத்துக்கு எழுத வேண்டும்: அந்த வரியை எடுத்துவிடுங்கள், இதில் கீர்த்திவாசன் சாருடைய இசை எதுவும் இல்லை. இப்போது அதை எழுத முடியும். காலையில் ஆறு மணிக்கு எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். அவர் பதறுவார். அழைப்பிதழ், விளம்பரம், ஹால் என்று சொல்வார். சார் வருவார், சொன்னால் சொன்னபடி வருகிறவர். ஜனவரிப் படத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் இன்னும் கஷ்டம்.

சமையலறையில் தயாளனும் ரூத்தும் தோசைக்கல்லோடு ஏதோ வாக்குவாதம் செய்கிறார்கள். அம்மா இவ்வளவு நேரம் உள்ளே என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் கேட்பது கேட்டது. பேப்பர் வேலை என்று அவர் சொன்னார். யாருக்கும் இன்னும் தெரியாது.

நாளை மாலை இரண்டாம் பகுதிக்கு நான் கையைத் தூக்குவேன். மூன்று எண்ணிக்கை ஒன்றும் இல்லாமல் போகும். ஹாலில் இருப்பவர்கள், வாசிப்பதற்கு முன் எடுக்கும் மூச்சு என்று நினைப்பார்கள். முன்வரிசையில் ஒருவருக்கு மட்டும் அந்த மூன்றும் கேட்கும்.